‘தம்பி, இது தூக்க மாத்திரையா?’

மருந்துக்கடையில் சாயங்கால நெரிசல். மடித்து மடித்து நைந்துபோன சீட்டை ஒரு பெண் நீட்டுகிறார். பையன் உள்ளே போய் இரண்டு அட்டைகளைக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைக்கிறான். ஒன்று முழு அட்டை. மற்றது கத்தரிக்கோலால் வெட்டிய ஐந்து மாத்திரைத் துண்டு. ராத்திரிக்கு அரை மாத்திரை வீதம் பத்து நாளைக்கு. “தம்பி, இது தூக்க மாத்திரையா?” என்று கேட்கிறார், பக்கத்தில் நிற்பவர் காதில் விழாத குரலில். “ஆமாக்கா” என்று இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுக்கிறான்.

தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கடைவீதியிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. முழு அட்டை செர்ட்ராலின், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான மருந்து. துண்டு அட்டை குளோனசெபம், படபடப்பை உடனே அடக்குவது. முதலாவதை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாவதைச் சில நாட்களில் விட்டுவிட வேண்டும். பல வீடுகளில் நடப்பது நேர்தலைகீழ். ‘பழகிடும்’ என்ற பயத்தில் மூன்றாவது வாரமே செர்ட்ராலின் நின்றுவிடுகிறது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடப்பை அமர்த்திய சின்ன மாத்திரையோ பழைய சீட்டின் தயவில் வருடக்கணக்கில் ஓடுகிறது.

அந்த ஒற்றை ‘ஆமாக்கா’வில் இவ்வளவும் இருக்கிறது. மனசுக்கென்று தரப்படும் எல்லா மாத்திரைக்கும் தமிழில் புழங்கும் பெயர் தூக்க மாத்திரை. கொஞ்சம் கௌரவமாகச் சொன்னால் நரம்பு மாத்திரை. செர்ட்ராலின் சிலருக்கு இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும் என்பதால் அதைக் காலையில் சாப்பிடச் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. பெயரே குழப்பமாக இருக்கும்போது, சாப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் எப்படித் தெளிவாக இருக்கும்?

ஆண்களைவிடப் பெண்களிடம் மனச்சோர்வு சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகிறவர்கள் குறைவு. தலை பாரம், கை கால் அசதி, உடம்பெல்லாம் எரிச்சல், நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி என்றுதான் சொல்வார்கள். கோவாவில் வெள்ளைப்படுதல் என்று சொன்ன பெண்களை மருத்துவர் விக்ரம் படேலின் குழு ஆராய்ந்தபோது, அந்தப் புகாரோடு கிருமித் தொற்றைவிட மனக்கஷ்டத்துக்கே நெருங்கிய தொடர்பு தெரிந்தது. சத்து மாத்திரை, வலி மாத்திரை, ஒரு ஊசி என்று சுற்றிக் களைத்த பிறகுதான் பலர் மனநல மருத்துவர் வாசலுக்கு வருகிறார்கள். அங்கே போனதும் நல்ல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதுவார். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே அசதியும் சோர்வும் வரும். அதற்கு மன மாத்திரை தேவைப்படாமலே போகலாம்.

குளோனசெபம் என்ற அந்தச் சின்ன மாத்திரையின் குடும்பத்துக்குப் பெரிய வரலாறு உண்டு, அதில் பெண்களுக்குப் பெரிய பங்கும் உண்டு. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் ரோஷ் நிறுவனத்தில் உருவாக்கிய டயசெபம், வேலியம் என்ற பெயரில் 1963-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1969 முதல் 1982 வரை அந்த நாட்டில் மருத்துவர்கள் மிக அதிகமாக எழுதிய மருந்து அதுதான். 1978-ல் மட்டும் இருநூறு கோடிக்கு மேல் மாத்திரைகள் விற்றன. விளம்பரங்களில் சோர்ந்த முகத்தோடு ஓர் இல்லத்தரசி இருப்பார். அவர் ஏன் சோர்ந்திருக்கிறார் என்ற கேள்வி விளம்பரத்தில் இருக்காது. அதே 1978-ல், முன்னாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு, தான் மதுவுக்கும் மாத்திரைக்கும் அடிமையாகிவிட்டதை வெளிப்படையாகச் சொன்னார். நாடே அதிர்ந்தது. நான்கு ஆண்டுகளில் அவர் பெயரில் கலிஃபோர்னியாவில் ஒரு மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

டயசெபம், அல்பிரசோலம், குளோனசெபம் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தினமும் தர வேண்டாம் என்பது பொதுவான வழிகாட்டல். நீண்ட நாள் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இந்தியாவில் 2014 மார்ச் முதல் டயசெபமும் அல்பிரசோலமும் ‘எச்1’ பட்டியலில் உள்ளன. அதாவது, நோயாளி பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். சட்டம் அப்படி. பக்கத்து வீட்டக்கா ‘எனக்கு இது நல்லா கேட்டுச்சு’ என்று நாலு மாத்திரை வெட்டிக் கொடுப்பதை எந்தப் பதிவேடும் பிடிக்காது.

மனச்சோர்வு மருந்தின் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் 1956 ஜனவரியில் மருத்துவர் ரோலண்ட் கூன், அதுவரை பெயர்கூட வைக்கப்படாமல் எண்ணால் மட்டுமே அறியப்பட்ட ஒரு மருந்தைக் கடும் சோர்வில் இருந்த நடுத்தர வயதுப் பெண்ணுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களில் அவர் ஆள் மாறிவிட்டதை வார்டு ஊழியர்கள் கவனித்தார்கள். அதுதான் பின்னால் இமிப்ரமின் என்று உலகம் முழுக்கப் போனது. அந்த மருத்துவமனையின் மருந்துச் சோதனைகளைப் பற்றி 2019-ல் வெளிவந்த வரலாற்று ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: அங்கே சோதனைக்கு உட்பட்ட நோயாளிகள் பலரிடம் முறையான சம்மதம் கேட்கப்படவில்லை. மருந்து வேலை செய்தது; கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது சீட்டில் அதிகம் இருப்பவை அதற்குப் பின் வந்த செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், ஃபுளூவாக்ஸடின் போன்றவை. இவை வேலை செய்யும் விதம் சமையலில் உப்புப் போடுவதுபோல உடனே தெரிவதல்ல, தோசை மாவு புளிப்பதுபோல. இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. தெரிவதெல்லாம் குமட்டல், தலைவலி, வயிறு இளகல், சிலருக்குப் படபடப்பு முன்பைவிடக் கூடுவது. நல்லது மெதுவாக வருகிறது, கெட்டது முதல் நாளே வருகிறது. இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால், பத்தாவது நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்ட பெண்ணைக் குறை சொல்ல முடியாது. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கிறது. கல்லூரி மாணவிக்கோ புதிதாகத் திருமணமான பெண்ணுக்கோ மருந்து தொடங்கினால் வீட்டில் ஒருவர் கண்வைத்திருக்க வேண்டும். மருத்துவரும் முதல் மாதத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

முதல் மருந்தே எல்லோருக்கும் கைகொடுக்காது. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்திலேயே முழுக்க மீண்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். மற்றவர்களுக்கு அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டியிருந்தது. கேட்கும் மருந்து எதுவென்று கண்டுபிடித்த பிறகும், தேறிவிட்டோம் என்று தோன்றிய நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். ‘நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?’ என்று வீட்டில் கேட்பது சரியாக அந்த ஆறு மாதத்துக்குள்தான்.

பெண்கள் வாய் திறந்து சொல்லாத பக்கவிளைவு ஒன்று உண்டு. தாம்பத்திய ஆசை குறையும், உடம்பு ஈடுகொடுக்காது. இந்த வகை மருந்துகளில் இது அபூர்வமானதல்ல, சகஜமானது. கணவன் கேட்டால் ‘தலைவலி’ என்று சமாளிப்பார். மருத்துவரிடம் சொல்லலாம் என்றால் பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருப்பார். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரை நின்றுவிடும். அளவைக் குறைக்கலாம், இந்தத் தொந்தரவு குறைவான வேறு மருந்துக்கு மாறலாம் என்ற வழிகள் அவர் காதுக்கு எட்டுவதே இல்லை. “அம்மா, நீங்க அஞ்சு நிமிஷம் வெளியே உட்காருங்க, நான் இவங்ககிட்ட தனியாப் பேசணும்” என்று ஒரு மருத்துவர் சொல்வது சில சமயம் சீட்டில் எழுதும் எதையும்விடப் பெரிய சிகிச்சை.

அந்த ஐந்து நிமிடத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மனநோய் உள்ளவர் உட்பட ஒவ்வொருவரும் தன் சிகிச்சையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் திறன் உள்ளவர் என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. சொல்லப்பட்டதைப் புரிந்துகொண்டு, விளைவைச் சீர்தூக்கி, சம்மதமா இல்லையா என்று தெரிவிக்க முடிந்தால் போதும். அவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகப் படுகிறது என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியதும் இதே சட்டப்படி கடமை.

சட்டம் என்றதும் பெண்களுக்கு நினைவுக்கு வருவது வேறு சட்டம்தான். இந்தச் சீட்டு நாளைக்குக் கோர்ட்டில் வந்து நிற்குமோ என்ற பயம். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருக்கிறது. பயம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அதன் தன்மையும் தீவிரமும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அது சிசோஃப்ரினியா தொடர்பான வழக்கு. அதற்கே அப்படி என்றால், பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் செர்ட்ராலின் சாப்பிட்டதைக் காட்டி மணவிலக்கு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இருந்தாலும் அரிசி டப்பாவுக்குள் மாத்திரை ஒளித்துவைக்கப்படுவது தொடர்கிறது. தீர்ப்பைப் படித்துவிட்டுச் சம்பந்தி வீட்டார் பெண் பார்க்க வருவதில்லை.

முடிவு மிகக் கடினமாவது கர்ப்பத்தில்தான். வேலூருக்குப் பக்கத்திலுள்ள கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் சுமார் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்ற பட்டியலைப் படித்தால் மருத்துவக் கட்டுரை மாதிரித் தெரியாது, தெருக்கதை மாதிரி இருக்கும்: வருமானம் குறைவு, பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதது, கைக்கு உதவி இல்லாதது. இதில் எதை மாத்திரை சரிசெய்யும் என்று ஒருவர் கேட்டால் கேள்வி நியாயமானதே. பெண் குழந்தையை ஏற்காத வீட்டை எந்த மருந்தும் மாற்றாது. அந்த வீட்டில் சாப்பிடவும் தூங்கவும் குழந்தையைத் தூக்கவும் முடியாமல் கிடப்பவரை எழுப்பி உட்காரவைக்க மருந்தால் முடியலாம்.

தாய் வீட்டில் பிரசவ லேகியத்தை மூன்று வேளையும் உருட்டிக் கொடுக்கும் அதே கை, செர்ட்ராலின் அட்டையைக் கண்டால் பின்வாங்கும். “பால்ல இறங்கிடும்டி” என்பார் பாட்டி. இறங்கத்தான் செய்யும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பால் குடிக்கும் குழந்தையின் ரத்தத்தில் பரிசோதித்தால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாத அளவே இருக்கும். பாலூட்டும் தாய்க்கு மருத்துவர்கள் முதலில் அதை நினைப்பது இதனால்தான்.

கர்ப்பத்தில் மருந்து என்றாலே வரும் நடுக்கத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. அது தாலிடோமைடு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட அந்த மருந்தால் உலகம் முழுவதும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சியின்றிப் பிறந்தார்கள். கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட அது, உண்மையில் ஒரு தூக்க மாத்திரை. அந்தச் சொல் அங்கேயும் வந்து நிற்கிறது.

மனச்சோர்வு மருந்துகள் தாலிடோமைடு இல்லை என்பதற்கு இன்று ஆதாரம் உண்டு. அவை முற்றிலும் ஆபத்தற்றவை என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவில் சுமார் 9.5 லட்சம் கர்ப்பிணிகளின் பதிவுகளை அலசி 2014-ல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு இதயக் குறைபாடு குறிப்பிடும்படி கூடவில்லை. ஆனால் பராக்ஸடின் என்ற ஒரு மருந்தைப் பற்றி 2005-லேயே இதயக் குறைபாட்டு எச்சரிக்கை வந்துவிட்டதால், கருத்தரிக்க நினைப்பவருக்கு அதைப் புதிதாகத் தொடங்குவதைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த மருந்துகளைச் சாப்பிட்டால், பிறந்த குழந்தைக்கு நுரையீரல் ரத்த அழுத்தச் சிக்கல் வரும் வாய்ப்பு ஆயிரத்துக்கு இரண்டு என்பது ஆயிரத்துக்கு மூன்றாகலாம். சில குழந்தைகள் முதல் சில நாட்கள் நடுக்கமும் எரிச்சலுமாக இருந்து தாமாகச் சரியாவதும் உண்டு.

இது தராசின் ஒரு தட்டு. மறு தட்டை வீட்டில் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே மருந்தில் நன்றாக இருந்த 201 கர்ப்பிணிகளைக் கவனித்த ஆய்வு 2006-ல் வந்தது. நிறுத்தியவர்களில் 68 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்குத்தான். அவர்கள் பலமுறை நோய் வந்து சிறப்பு மையங்களுக்குப் போனவர்கள். அவ்வளவு கடுமையில்லாதவர்களைப் பார்த்த பிந்தைய ஆய்வில் இந்தப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, அக்காவுக்குச் சரியாக இருந்த முடிவு தங்கைக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. மூன்று முறை படுத்த படுக்கையானவர் ஒரு விதம். திருமணமான புதிதில் ஒரே ஒரு முறை சோர்ந்து மீண்டவர் வேறு விதம். இரண்டு பேருக்குமே பொருந்துவது ஒன்றுதான்: ‘நாள் தள்ளிப்போச்சு’ என்று தெரிந்த காலையிலேயே மாத்திரையைக் குப்பையில் போடாமல், கருத்தரிப்பதற்கு முன்பே இந்தப் பேச்சை மருத்துவரிடம் எடுத்துவிடுவது.

பிரசவத்துக்குப் பிறகு நிலைமை ரொம்பவும் மோசமானால் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவு, பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் இயங்குகிறது. அமெரிக்காவில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே பதினான்கு நாள் சாப்பிடும் ஜுரனோலோன் மாத்திரைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. அதன் விலைக்கு நம் ஊரில் பிரசவம், பெயர்சூட்டு விழா, காதுகுத்து எல்லாம் முடித்துவிடலாம்.

மாத்திரையே வேண்டாம் என்பதும் ஒரு நியாயமான முடிவாக இருக்க முடியும். லேசான மனச்சோர்வுக்கு, நோயாளியே விரும்பினாலொழிய மருந்தை முதல் வழியாகத் தர வேண்டாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டி. பேச்சுவழிச் சிகிச்சைக்குப் பெரிய பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்பதுமில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், பள்ளிப் படிப்பு முடித்த சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார் மருத்துவர் அத்திஃப் ரஹ்மான். மனச்சோர்வில் இருந்த தாய்மார்களிடம் அவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்தத் தாய்மார்களில் 23 விழுக்காட்டினரே சோர்வில் இருந்தார்கள். இந்தப் பயிற்சி பெறாத பணியாளர்கள் போய்ப் பார்த்த வீடுகளில் அது 53 விழுக்காடு. 2008-ல் வந்த இந்த முடிவைப் படித்தால், நம் ஊர்க் கிராமச் செவிலியர் தூக்கிச் செல்லும் பையில் இன்னொரு நோட்டுக்கும் இடமிருக்கிறது என்று தோன்றும். சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் என்ற நினைப்போடு கிடப்பவருக்குப் பேச்சு மட்டும் போதாது. அப்போது மருந்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அதையும் சொல்லிவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவருக்குப் பராக்ஸடினோ ஃபுளூவாக்ஸடினோ சேர்ந்தால், டமாக்சிஃபெனை உடம்பு தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றுவது தடைபடும். இரண்டு மருத்துவர், இரண்டு சீட்டு, நடுவில் பேசாத ஒரு நோயாளி என்றால் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நிறுத்துவதும் ஒரு முடிவுதான், அதற்கும் நாள் குறிக்க வேண்டும். செர்ட்ராலின் வகை மருந்துகள் குளோனசெபம் மாதிரி ஏங்கவைப்பதில்லை. ஆனால் சட்டென்று விட்டால் தலைசுற்றும், மண்டைக்குள் மின்சாரம் தொட்டு எடுத்த மாதிரி ‘விர்’ரென்று வெட்டும், காரணமில்லாமல் அழுகை வரும். பலர் நோய் திரும்பிவிட்டது என்று பயப்படுவதும், ‘அப்பவே சொன்னேன், பழகிடுச்சு’ என்று வீட்டில் ஒருவர் ஜெயிப்பதும் இந்த இடத்தில்தான். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இது அநேகமாக அடங்கிவிடும்.

நீண்ட நாள் மருந்தில் இருந்து, நிறுத்தலாமா என்று யோசிக்கும் அளவுக்குத் தேறிய 478 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரு வருடத்தில், குறைத்து நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. மருத்துவர் கண்ணில் முதலில் படுவது அந்த 56. நோய் திரும்பாமல் ஒரு வருடத்தைத் தாண்டிய 44 விழுக்காட்டினரை மருந்து சாப்பிடும் பெண் பார்க்கக்கூடும். இரண்டுமே ஒரே தாளில் இருப்பவைதான். பிள்ளையின் பொதுத்தேர்வும் நாத்தனார் கல்யாணமும் முடியட்டும், ஆனி மாதத்தில் குறைக்க ஆரம்பிக்கலாம் என்று அவர் சொன்னால், சரி என்று மருத்துவர் சீட்டில் எழுதலாம்.